விறாந்து இல்லாததா, நியாயம் இல்லாததா: ‘அன்வொரண்டட்’ என்ற சொல்லைப் பற்றி

அம்பாறைக் கரையோரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்யும் மகள் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய ஊர்ச் சங்கம், வீடமைப்பு உதவி பெற்றவர்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருக்கிறது. வந்த பதில் ஆங்கிலத்தில், இரண்டே வரி. பட்டியலைத் தருவது தனிப்பட்டவர்களின் அந்தரங்கத்தில் ‘அன்வொரண்டட்’ (unwarranted) ஆன ஊடுருவலாகும், ஆகவே தர முடியாது. மேன்முறையீட்டுக் கடிதத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. அகராதியைப் பார்த்தால் ‘அனாவசியமான’ என்று இருக்கிறதாம். பக்கத்து மேசைக்காரர் ‘அனுமதியில்லாத’ என்கிறாராம். வீட்டில் தம்பி, “வொரண்ட் இல்லாம எண்டுதானே அக்கா?” என்று கேட்டிருக்கிறான். இதில் எது சரி?

மூன்றும் சரியில்லை, மகள். ஆனால் தம்பி சொன்னதுதான் அந்தச் சொல்லின் வீட்டு வாசல்வரை போயிருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

வொரண்ட் நமக்குப் புதிய சொல் இல்லை. இப்போது ‘பிடியாணை’ என்று எழுதுகிறோம். என் அப்பா காலத்து ஆட்கள் ‘பிடிவிறாந்து’ என்றுதான் சொல்வார்கள். “அவனுக்கு விறாந்து வந்திட்டாம்” என்றால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும். கைத்தொலைபேசிக் கடையில் கேட்கிறோமே, “வொரண்டி எத்தனை மாசம்?” என்று, அதுவும் இதே குடும்பம். ‘கேரண்டி’யும் ஒட்டிப் பிறந்ததுதான். வொரண்டியும் கேரண்டியும் எப்படி ஒன்றாகும் என்று கேட்பீர்கள். பிரான்சின் வடக்கே நோர்மண்டிப் பக்கத்தில் ‘வ’ என்று தொடங்கிய பல சொற்களை, பாரிஸ் பக்கத்தில் ‘க’ என்று தொடங்கினார்கள். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது ‘வ’ வந்தது. பிறகு மற்றப் பேச்சு செல்வாக்குப் பெற்றபோது ‘க’வும் வந்து சேர்ந்தது. ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் வேறு வேறு வேலை கொடுத்துவிட்டது. சிறைச்சாலைக்கு வோர்டன், பிள்ளைக்குக் கார்டியன், மூலம் ஒன்றுதான். அன்று படையோடு வந்த அரசரே இதற்கு நல்ல சாட்சி: ஆங்கிலத்தில் வில்லியம், பிரெஞ்சில் கியோம்.

வரலாறு போதும். நமக்கு வேண்டியது, அந்த மூலச் சொல்லுக்கு முதலில் என்ன பொருள் இருந்தது என்பதுதான். பாதுகாப்பவர், ஒருவருக்காகப் பொறுப்பு நிற்பவர் என்பது அதன் பொருள். அதாவது நம் பேச்சில், பிணை நிற்கிற ஆள். வங்கியில் கடன் எடுக்கப் போனால் பிணைக்குக் கையெழுத்து வைக்க இரண்டு அரசாங்க உத்தியோகத்தரைத் தேடி நாம் அலைவோமே, அந்த ஆள். மறுகா அந்தப் பொருள் காகிதத்துக்குப் போனது: இந்தப் பொலிஸ்காரர் செய்வதற்கு நான் பொறுப்பு என்று நீதவான் எழுதிக் கொடுக்கிற காகிதம். அதன் பிறகு வினையாகவும் வந்தது: ஒரு செயலுக்கு ஒரு காரணம் பொறுப்பு நிற்பது.

எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்துப் பாருங்கள். பிணை நிற்க ஒரு காரணம்கூட முன்வராத செயல்தான் அன்வொரண்டட். அந்தச் செயல் தேவையா இல்லையா, அனுமதி இருக்கிறதா இல்லையா, சொன்னது உண்மையா பொய்யா என்பதையெல்லாம் இந்தச் சொல் நேராகக் கேட்பதில்லை. “நீ செய்ததற்குப் பின்னால் என்ன நிற்கிறது?” என்றுதான் கேட்கிறது.

இதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிழை விட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்த புதிதில், ஒரு ஆசிரியைமீது நடந்த விசாரணையின் முடிவுக் கடிதத்தைத் தமிழாக்கக் கொண்டுவந்து தந்தார்கள். ஆங்கிலத்தில் அவர்மீதான குற்றச்சாட்டுகள் ‘அன்வொரண்டட்’ என்று இருந்தது. நான் ‘தேவையற்ற குற்றச்சாட்டுகள்’ என்று போட்டு, முத்திரை குத்தி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த ஆசிரியை களுவாஞ்சிகுடியில் என் வீட்டு விறாந்தையில் வந்து இருக்கிறார். தேத்தண்ணியைத் தொடவில்லை. கடிதத்தை விரித்து, அந்த ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

“ஐயா, தேவையற்ற குற்றச்சாட்டு எண்டா, குற்றம் உண்மைதான், ஆனா அதை எடுத்துச் சொல்லியிருக்கத் தேவையில்ல எண்டுதானே அர்த்தம் வருது?”

எனக்கு மறுமொழி இல்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ‘தேவையற்ற’ என்ற சொல், குற்றத்தைத் துடைப்பதற்குப் பதிலாக மூடி வைத்துவிட்டது. ‘பொய்யான’ என்று மாற்றலாமா என்று யோசித்தேன். அதுவும் முடியாது, விசாரித்தவர்கள் யாரும் பொய் சொன்னார்கள் என்று எழுதவில்லை. குற்றம் சாட்டுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் அவர்கள் முடிவு. கடைசியில் ‘முகாந்திரமற்ற குற்றச்சாட்டுகள்’ என்று திருத்திப் புதுப் பிரதி எழுதிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை. அன்றிலிருந்து இந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டால் ஒரு தடவை பேனையைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆகவே ‘அனாவசியம்’ என்று அகராதி தருவதில் உள்ள வில்லங்கம் இதுதான். அவசியம் இல்லாததுதான் அனாவசியம். ஒரு செயல் அவசியமில்லாமலும் நியாயமாக இருக்கலாம். கல்யாண வீட்டில் நாலாவது கறி அவசியமில்லை, அதனால் அதை அன்வொரண்டட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு: ‘அன்வோண்டட்’ என்ற சொல்லோடு இதை மாற்றிக் கேட்பது. அது ‘வேண்டாத’ என்ற பொருள், முற்றிலும் வேறு. ஆனால் நம் ‘வேண்டாத வேலை’ என்ற வழக்கு இரண்டையும் ஒரே மடியில் கட்டி வைத்திருப்பதால், தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

உண்மை, பொய் விடயத்தில் இந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11. சித்திரை வருடப்பிறப்புக்கு ஓரிரு நாள்தான் இருந்தது. பின்நேரம் சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது, சுனாமி எச்சரிக்கையும் வந்தது. எங்கள் ஊரில் பலகாரத்துக்கு ஊறப்போட்ட அரிசி அப்படியே கிடக்க, சனம் பட்டிருப்புப் பாலத்தால் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்குப் போனது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மம்மா ஒரு கையில் பேத்தியையும் மறு கையில் அடையாள அட்டைகள் கட்டிய பொலித்தீன் பையையும் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்ததை இன்றைக்கும் நினைவிருக்கிறது. நினைத்த மாதிரி அலை வரவில்லை. இரவு எல்லோரும் திரும்பி வந்தோம். அடுத்த நாள் ஒரு பொடியன், “சும்மா பயந்தம்” என்று சிரித்தான்.

சும்மாவா? பயந்தது நடக்கவில்லை, அது சரி. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் 8.6 நின்றது, எச்சரிக்கை நின்றது, 2004 டிசம்பர் 26 நின்றது. பிணை நிற்க மூன்று பேர். ஆங்கிலத்தில் அந்தப் பயத்தை அன்வொரண்டட் என்று எழுதினால் பிழை. மாறாக, ஒரு கறுத்த முகிலைக் கண்டு ஊரைக் கூட்டினால், அன்றைக்குத் தற்செயலாக வெள்ளமே வந்தாலும், கூட்டிய நேரத்தில் அந்தப் பயம் அன்வொரண்டட்தான். முடிவு என்ன ஆனது என்பதை வைத்து இந்தச் சொல்லை அளக்க முடியாது. செய்யும்போது கையில் என்ன இருந்தது என்பதுதான் அளவு.

இப்போது தமிழுக்கு வருவோம். எந்த இடத்துக்கும் பொருந்துகிற ஒற்றைச் சொல்லைத் தேடாதீர்கள். பின்னால் நின்றிருக்க வேண்டியது எது என்று கேளுங்கள். அந்த இல்லாமையைச் சொல்லுங்கள். ஊகமோ முடிவோ என்றால் அதற்குப் பின்னால் ஆதாரம் இருக்க வேண்டும், ஆகவே ‘போதிய ஆதாரமின்றி எடுத்த முடிவு’. ‘போதிய’ முக்கியம், மகள். ‘ஆதாரமே இல்லாத’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘அன்ஃபவுண்டட்’ என்று வேறு சொல் இருக்கிறது. அன்வொரண்டட் என்னும்போது கொஞ்சம் ஆதாரம் இருக்கவும் கூடும். ஆனால் அது இவ்வளவு தூரம் தாங்காது. குற்றச்சாட்டு என்றால் முகாந்திரம். தாமதம், பயம் என்றால் தக்க காரணம். தலையீடு, ஊடுருவல் என்றால் நியாயம். நம்பிக்கை என்றால் கொஞ்சம் வளைத்து எழுத வேண்டும்: ‘நிலைமைக்கு மிஞ்சிய நம்பிக்கை’ என்று நான் எழுதுவேன்.

நம் ஊர் வாயில் இன்னொரு அருமையான சொல் இருக்கிறது, அதை எழுத்தில் யாரும் மதிப்பதில்லை: அடாத்து. “அடாத்தாக் காணியப் புடிச்சிட்டான்” என்கிறோம். அடுத்தல் என்றால் தகுதல், பொருந்துதல். தகாதது அடாதது. ‘அடாது செய்தவர் படாது படுவர்’ என்று கிழவிகள் சொல்வதும் இதுதான். அன்வொரண்டட் என்பதன் கிட்டிய தமிழ் உறவு என்று கேட்டால் நான் ‘அடாத’ என்பதைத்தான் காட்டுவேன். ஆனால் ‘அடாத்து’ என்றதும் பலவந்தம் கண்முன் வந்துவிடுகிறது; கத்தியும் வேலிக்கம்பியும் தெரிகிறது. அலுவலகக் கடிதத்துக்கு அது கொஞ்சம் காரம் கூட. மேடைப் பேச்சுக்கு நல்லது.

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த அடைமொழி செயலுக்கும் சொல்லுக்கும் எண்ணத்துக்கும்தான் வரும், ஆளுக்கு வராது. அன்வொரண்டட் மனிதர் என்று ஒருவரும் இல்லை. இதில் ஒரு பழி தொனிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். டொக்டர் ஒருவர், சத்திரசிகிச்சை ‘நொட் வொரண்டட்’ என்று எழுதினால், செய்வதற்கு மருத்துவக் காரணம் இல்லை என்று பொருள்; நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அதே சத்திரசிகிச்சையை ‘அன்வொரண்டட்’ என்று எழுதினால், யாரோ செய்துவிட்டார்கள், செய்திருக்கக் கூடாது என்று விரல் நீட்டுவதாகிவிடும். இல்லை என்று சொல்வதற்கும் குற்றம் சொல்வதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வொரண்ட் காகிதம் இல்லாமல் செய்வதற்கு ஆங்கிலத்தில் ‘வொரண்ட்லெஸ்’ என்று தனிச் சொல் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நம் நாட்டின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 32ஆம் பிரிவு, சில சந்தர்ப்பங்களில் பிடியாணை இல்லாமலே கைதுசெய்யச் சமாதான அலுவலருக்கு, அதாவது பொலிஸ்காரர் போன்றவருக்கு, இடம் கொடுக்கிறது. கண்முன்னே கத்திக்குத்து நடக்கிறது, பொலிஸ்காரர் பிடிக்கிறார். காகிதம் இல்லை, ஆனால் அன்வொரண்டட் இல்லை. மறுபக்கம், தேடுதல் ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர், ஆணைக்குச் சம்பந்தமே இல்லாத பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைக் கொட்டிக் கிளறினால், காகிதம் இருக்கிறது, செயல் அன்வொரண்டட். எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு இந்த வேறுபாட்டை விளக்க அகராதி தேவைப்படவில்லை.

இந்தச் சொல்லைச் சட்டம் எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். அதன் 21ஆம் பிரிவு மிரட்டிப் பறித்தலைப் பற்றியது. மிரட்டலோடு சேர்ந்த ‘அன்வொரண்டட்’ கோரிக்கைதான் அங்கே குற்றம். எது அன்வொரண்டட் என்பதையும் அந்தப் பிரிவே சொல்கிறது. மிரட்டலோடு கேட்கும் எதுவும் அன்வொரண்டட்தான்; கேட்க நியாயமான அடிப்படை தனக்கு இருக்கிறது என்றும், மிரட்டுவதே அதற்கு முறையான வழி என்றும் கேட்டவர் நம்பியிருந்தால் மட்டும் விலக்கு. இரண்டும் வேண்டும். நீங்கள் எனக்கு ஐம்பதாயிரம் ரூபாய் உண்மையாகவே தர இருக்கிறது என்று வையுங்கள். “தராவிட்டால் உன் மகளின் படத்தை எல்லாருக்கும் அனுப்புவேன்” என்று நான் சொன்னால், காசு என்னுடையதுதான், ஆனால் இது முறையான வழி என்று நானே நம்பியிருக்க முடியாது. கேட்ட பொருளுக்குப் பிணை இருக்கிறது, கேட்ட விதத்துக்கு இல்லை.

இதே தெருவில் இருக்கிற மற்றச் சொற்களையும் ஓடி ஓடிச் சொல்லிவிடுகிறேன். ‘அன்ஜஸ்டிஃபைட்’ பொதுச் சொல், நியாயப்படுத்த முடியாதது. பல இடங்களில் அன்வொரண்டட் நிற்கிற இடத்தில் அதை நிறுத்தலாம். ‘அன்புரோவோக்ட்’ என்றால் எதிராளி சீண்டாமலே தாக்குவது. ‘ஆர்பிட்றரி’ என்றால் விதிமுறை பாராமல் தன் மனம் போனபடி செய்வது. ‘கிராட்யுவிட்டஸ்’ எனக்குப் பிடித்த சொல்: இலவசம் என்ற லத்தீன் மூலம். யாரும் கேட்காமல் இனாமாகக் கிடைத்த அவமதிப்பு. கடைக்காரர் மீதிக் காசோடு சேர்த்து ஒரு நக்கலையும் தந்தால் அது இந்த வகை. ‘வோண்டன்’ இன்னும் கொடியது, வேணுமென்றே, ஈவிரக்கமில்லாமல் செய்வது. அதன் பழைய ஆங்கில மூலத்தைப் பிரித்தால் ‘சரியாக வளர்க்கப்படாத’ என்று வரும். நம் ஆட்களும் அதைத்தானே சொல்கிறார்கள், “வளத்த வளப்பு அப்படி” என்று.

சரி, உங்கள் கடிதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், தகவலை மறுக்கக்கூடிய காரணங்களில் முதலாவதாகவே இந்தச் சொல் வருகிறது. தனிப்பட்ட தகவலாக இருந்து, அதற்குப் பொது நடவடிக்கையோடும் பொதுநலனோடும் தொடர்பு இல்லாவிட்டால் மறுக்கலாம். அல்லது வெளியிடுவது ஒருவருடைய அந்தரங்கத்தில் அன்வொரண்டட் ஆன ஊடுருவலாக இருந்தால் மறுக்கலாம். அதோடு வாசகம் நிற்கவில்லை. பரந்த பொதுநலன் வெளியிடுவதை நியாயப்படுத்தினால் கொடுக்கலாம், சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தாலும் கொடுக்கலாம் என்று தொடர்கிறது. உங்களுக்கு வந்த இரண்டு வரியில் இந்த வால் அறுந்துபோயிருக்கிறது.

இங்கே ‘அனாவசியமான ஊடுருவல்’ என்று தமிழாக்கினால் என்ன நடக்கும் பாருங்கள். விவாதம் முழுவதும் “உங்களுக்கு இது என்ன அவசியம்?” என்ற கேள்விக்குள் போய் விழும். சங்கம் தன் அவசியத்தை நிரூபிக்க ஓடித் திரியும். ‘அனுமதியில்லாத’ என்றால் இன்னும் மோசம், ஒவ்வொரு பயனாளியிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்பார்கள். சட்டம் கேட்பது அதையல்ல. அந்தரங்கத்துக்குள் ஓரளவு நுழைவதாகவே இருந்தாலும், அந்த நுழைவுக்குப் பிணை நிற்க ஒரு நியாயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பொதுப் பணத்தில் கட்டிய வீடு யாருக்குக் கிடைத்தது, எந்தக் கிராமம், எவ்வளவு தொகை என்பதற்கு அந்தப் பணமே பிணை நிற்கும் என்பது என் எண்ணம். அதே கோப்பில் இருக்கக்கூடிய வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம், குடும்பத்தலைவியின் வைத்தியச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நிற்காது. அவற்றை நீங்கள் கேட்கவும் வேண்டாம்.

அதனால் கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: “கோரப்பட்ட விபரங்களை வெளியிடுவது, தக்க நியாயமின்றி ஒருவரது அந்தரங்கத்தில் ஊடுருவுவதாகாது. இவை பொதுநிதிச் செலவோடு நேரடியாகத் தொடர்புடையவை. அந்தரங்கமான விபரங்கள் ஏதும் ஆவணத்தில் இருப்பின், சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அவற்றை நீக்கி எஞ்சிய பகுதியைத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.” மறைக்க வேண்டிய பகுதியைப் பிரித்தெடுக்க முடியுமானால் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த 6ஆம் பிரிவு. ‘தக்க நியாயமின்றி’ என்ற இரண்டு சொல்லையும் மாற்றாதீர்கள். ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் ஒரு தடவை பக்கத்தில் போட்டுவிடுங்கள், எதற்கு மறுமொழி சொல்கிறீர்கள் என்று வாசிப்பவருக்குத் தெரியட்டும்.

மேன்முறையீடு போக வேண்டியது குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க அதே நிறுவனத்தில் நியமிக்கப்பட்டவர்), மறுப்பு வந்து 14 நாளுக்குள். நீங்கள் கேள்வியை எழுதிய திகதியைப் பார்த்தால் ஐந்து நாள் போய்விட்டது. பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.